அரைப்புள்ளி தந்த அச்சக ஆசான்

ஆங்கிலக் கட்டுரை எழுத அமர்ந்தால் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் நமக்கு உற்ற தோழர்கள். இடைநின்ற அரைப்புள்ளியை மட்டும் நம்மில் பலர் நெருங்குவதில்லை. அதை முதன்முதலில் அச்சேற்றிய ஆல்டஸ் மனுத்தியசின் வரலாற்றைப் படித்தபின், அச்சிறு குறியின் மீது எனக்குத் தனி மதிப்பே பிறந்துவிட்டது.

ஆல்டஸ், இத்தாலியில் ரோமுக்குத் தெற்கேயுள்ள பாசியானோ என்னும் சிற்றூரில் 1450-ஐ ஒட்டிப் பிறந்தார். இலத்தீனும் கிரேக்கமும் கற்று, கார்ப்பி இளவரசர்களுக்கு ஆசிரியரானார். ஏறத்தாழ நாற்பது வயதில் அவ்வாழ்வை விடுத்து வெனிஸ் நகரை அடைந்தார். கிரேக்க நூல்களைப் பிழையின்றி அச்சேற்ற வேண்டும் என்பதே அவர் கனவு. 1495 முதல் 1498-க்குள் அரிஸ்டாட்டிலின் நூல்களை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

1496-இல் எட்னா எரிமலை பற்றிப் பியெத்ரோ பெம்போ எழுதிய சிறு நூலை அச்சிட்டபோதுதான் அரைப்புள்ளி தோன்றியது. அதற்கான எழுத்துகளை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. காற்புள்ளி போதாது, முக்காற்புள்ளி மிகை என்னும் இடங்களில் படிப்பவர் அளவாக நின்று செல்ல அக்குறி உதவிற்று. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அச்சிலும் அது இடம்பிடித்தது.

இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு இரு பணிகள் முதன்மையானவை. ஒன்று, கருத்தால் நெருங்கிய இரு முழு வாக்கியங்களை இணைப்புச் சொல்லின்றிச் சேர்ப்பது: மழை பெய்தது; ஏரி நிரம்பவில்லை என்பது போல. குறியின் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். இருபுறமும் தனித்து நின்றால் அரைப்புள்ளி பொருந்தும். அங்கே காற்புள்ளி மட்டும் இடுவது பிழை. 'ஹவெவர்' என்னும் சொல் அவ்விரு வாக்கியங்களுக்கு நடுவே வந்தால், அதற்கு முன் அரைப்புள்ளியும் பின் காற்புள்ளியும் வேண்டும். மற்றொன்று, உள்ளே காற்புள்ளிகள் உடைய பட்டியலைப் பிரிப்பது: வெனிஸ், இத்தாலி; லியோன், பிரான்சு; பாசல், சுவிட்சர்லாந்து.

அந்த லியோன் நகரத்து அச்சகத்தார் சிலர் ஆல்டசின் நூல்களைக் களவாக அச்சிட்டனர். 1503-இல் அப்போலிப் பதிப்புகளின் பிழைகளைப் பட்டியலிட்டு அவர் அறிக்கை விடுத்தார். போலியாளர்களோ அப்பட்டியலைக் கொண்டே தம் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்! 1509-இல் போர் மூண்டு அச்சகம் நின்றது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கினார், இறுதிவரை ஓயவில்லை.

1515 பிப்ரவரி 6-ஆம் நாள் ஆல்டஸ் மறைந்தார். அவர் உடலைச் சுற்றி அவர் அச்சிட்ட நூல்களை அடுக்கி வைத்தனர். படிப்பவர் இடறாமல் செல்ல வேண்டுமென ஒரு புள்ளிக்கும் கவலைப்பட்டவர் அவர். நாமும் அடுத்த கட்டுரையில் ஓர் அரைப்புள்ளியையாவது அதற்குரிய இடத்தில் வைப்போமே!