விளக்கும் கணக்குப் புத்தகமும்: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்



பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, எப்போது போன் வரும் என்று காத்திருக்கும் தாய்மார் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். எல்லையில் நிற்கிறவரின் கஷ்டம் அந்த வீட்டுக்குத்தான் முழுசாகத் தெரியும். மற்றவர்கள் நாம் குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சிப்பாய்க்கு நன்றி சொல்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று வாழ்ந்து காட்டிய ஒரு பெண்மணியின் கதையை இந்த மலரில் சொல்கிறோம். அவர் துப்பாக்கி தூக்கியவர் அல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்று பெயர். கையில் விளக்கோடு அவர் நிற்கும் படத்தை ஆஸ்பத்திரியிலோ, பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலோ பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கு அவர் கதையில் பாதிதான். மீதிப் பாதி, நமக்கு நல்லாத் தெரிஞ்ச கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

வசதியான வீட்டுப் பெண்

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி இத்தாலி நாட்டின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரிய பணக்காரர்கள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையலும் பாட்டும் போதும் என்று இருந்தது. ஆனால் அவருடைய அப்பா தன் இரண்டு மகள்களுக்கும் தானே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். ஃப்ளாரன்ஸுக்குக் கணக்கு என்றால் உயிர்.

பதினாறு வயதில், கடவுள் தன்னை ஒரு சேவைக்காக அழைக்கிறார் என்று மனசில் பட்டது. என்ன சேவை என்று புரியச் சில வருஷம் ஆனது. 1845-ல், தன் 25-ஆவது வயதில், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் கேட்டார். வீடே அதிர்ந்துபோனது. அப்போது அந்த நாட்டில் நர்ஸ் வேலைக்கு மரியாதை கிடையாது. குடிக்கிறவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் செய்யும் வேலை என்றுதான் ஊர் பேசும். அம்மாவும் அக்காவும் அழுது தடுத்தார்கள். நல்ல இடத்துச் சம்பந்தம் தேடி வந்தது, அதை ஃப்ளாரன்ஸ் மறுத்துவிட்டார். வீட்டை எதிர்த்து ஓடிப்போகவும் இல்லை, ஆசையை விடவும் இல்லை. விடியற்காலையில் எழுந்து, ஆஸ்பத்திரிகள் பற்றிய அறிக்கைகளைப் படித்துக் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார்.

1851-ல்தான் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி எடுக்க முடிந்தது. 1853-ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். அப்போது வயது 33. கேட்ட நாளிலிருந்து எட்டு வருஷம் காத்திருந்திருக்கிறார்!

சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்

1854-ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியா என்ற இடத்தில் போரிட்டன. காயம்பட்ட, நோய்கண்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றிக் கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு பெரிய படை முகாம் கட்டடத்தையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். கவனிக்க ஆள் இல்லை, கட்டுப்போடத் துணி இல்லை என்ற செய்தி லண்டன் பத்திரிகையில் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேல் அம்மையாருக்குத் தெரிந்தவர். உடனே போக முடியுமா என்று கடிதம் எழுதினார். 38 பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்டோபர் 21-ஆம் தேதி புறப்பட்டு, நவம்பர் 4-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தார்.

போன இடத்தில் மாலை போட்டு வரவேற்கவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு என்ன வேலை என்று டாக்டர்கள் வார்டுக்குள்ளேயே விடவில்லை. அம்மையார் சண்டை போடாமல், துணி தைப்பதும் மெத்தைக்கு வைக்கோல் அடைப்பதுமாகத் தன் பெண்களை உட்காரவைத்தார். சில நாளிலேயே போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அப்போது டாக்டர்களே வந்து கூப்பிட்டார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் நரகம். தரையில் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறார்கள். போர்க்களத்தில் போட்ட சட்டை, ரத்தம் காய்ந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. எலி, பேன், பேதி. அந்த வரிசைகளைச் சேர்த்து அளந்தால் நாலு மைல் நீளம் வரும் என்பார்கள். அம்மையார் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொதிகலன் வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரையே சம்பளத்துக்கு அமர்த்தித் துணி துவைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பெண்களும் கணவனோடு கிளம்பி வந்து, கவனிப்பார் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள்தான். நோயாளிக்குத் துவைத்த சட்டை கிடைத்தது, அந்தப் பெண்களுக்குக் கூலி கிடைத்தது.

இரவில் எல்லோரும் அடங்கிய பிறகு துருக்கி விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நடப்பார். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அம்மாவுக்கும் மனைவிக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவரோடு போன பெண்களில் சிலர் அங்கேயே நோய்வந்து இறந்தார்கள். அம்மையாரும் 1855 மே மாதம் கடும் காய்ச்சலில் விழுந்து, சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அந்த உடம்பு பிறகு முழுசாகத் தேறவே இல்லை.

சம்பளப் பணம் வீடு சேர்ந்த கதை

நம்ம குழுப் பெண்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் காலத்து அதிகாரிகளுக்குச் சிப்பாய் என்றால் இளக்காரம். கையில் காசு கிடைத்தால் குடித்தே அழிப்பான், அவனைத் திருத்த முடியாது என்று நினைத்தார்கள். ஆனால் பணத்தை ஊருக்கு அனுப்ப நம்பகமான வழி ஏதாவது அவனுக்கு இருந்ததா? இல்லை. அம்மையார் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் தன் அறையில் உட்கார்ந்து, சிப்பாய்கள் கொடுக்கும் பணத்தை வாங்கிக் கணக்கு எழுதி, இங்கிலாந்தில் இருந்த தன் உறவினர் மூலமாக அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இது நன்றாக நடப்பதைப் பார்த்து, அரசாங்கமே மணியார்டர் அலுவலகங்களைத் திறந்தது. ஆறு மாதத்துக்குள் 71,000 பவுண்டு வீடுகளுக்குப் போனது. ஒரு சாதாரண சிப்பாயின் அன்றைய நாள் சம்பளம் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 14 லட்சம் நாள் கூலிக்கும் மேலே வருகிறது! குடித்து அழிப்பார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் பெண்டாட்டி பிள்ளைக்கு அனுப்பிய பணம் அது.

கூடவே படிப்பறை, காப்பிக் கடை, எழுத்துப் பாடம் என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்தார். இன்னொரு அநியாயமும் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. குண்டடி பட்டவருக்குப் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு, நோயில் படுத்தவருக்குப் பிடித்தார்கள். பனியிலும் சேற்றிலும் காவல் நின்று பேதி வந்தவன் மட்டும் நாட்டுக்காகப் படுக்கவில்லையா? இதை அம்மையார் மேலிடம் வரை எடுத்துச் சொல்லி, இருவருக்கும் ஒரே பிடித்தம் என்று மாற்றவைத்தார்.

கணக்கு சொன்ன உண்மை

இவ்வளவு செய்தும் முதல் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற அளவுக்குப் போனது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வரும் பாதையில் செத்த குதிரை கிடந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி பண்ணினார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து 1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். வரவேற்பு ஊர்வலத்துக்கு நாடே காத்திருந்தது. அவரோ யாருக்கும் சொல்லாமல், வேறு பெயரில் பயணம் செய்து, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். தன்னிடம் வந்த பிள்ளைகளை அந்த மண்ணில் புதைத்துவிட்டு வந்தவருக்கு மாலை மரியாதையில் மனசு போகவில்லை. அவர்கள் ஏன் செத்தார்கள் என்று நாட்டுக்குத் தெரியவேண்டும் என்று உட்கார்ந்தார்.

வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர அறிஞரோடு சேர்ந்து, மாதவாரியாகக் கணக்கெடுத்தார். அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஏறத்தாழ 21,000 பேர். அவர்களில் 16,000 பேருக்கு மேல் இறந்தது குண்டாலும் கத்தியாலும் அல்ல, நோயால். தான் இரவும் பகலும் உழைத்த ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியே சாவு மிகுந்த இடமாக இருந்ததையும் கணக்கு காட்டியது. எப்பேர்ப்பட்ட வேதனை! தன் பெயர் கெடுமே என்று அதை அவர் மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. படிக்க நேரமில்லாத மந்திரிகளுக்கும் ஒரே பார்வையில் புரியும்படி, வட்டமாக வண்ணம் தீட்டிய படமாகப் போட்டுக் காட்டினார். போரே இல்லாத காலத்திலும், உள்ளூர் முகாமில் இருக்கும் இளம் சிப்பாய்கள் வெளியே இருப்பவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சாகிறார்கள் என்பதையும் காட்டினார். 1858-ல் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். படை முகாம்களும் ராணுவ ஆஸ்பத்திரிகளும் மாறத் தொடங்கின.

நம் நாட்டுக்கும் எட்டிய கை

அடுத்து இந்தியாவில் இருந்த படையின் நிலைமையை எடுத்துக்கொண்டார். அது நம்மை ஆண்டவர்களின் படைதான். ஆனாலும் அதில் இருந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. படுக்கையில் இருந்தபடியே கேள்வித் தாள் தயாரித்து இங்குள்ள ராணுவ நிலையங்களுக்கு அனுப்பி, வந்த பதில்களையெல்லாம் படித்தார். ஆயிரத்துக்கு 69 என்று இருந்த சாவு, பத்து வருஷச் சுகாதார வேலைக்குப் பிறகு, 1873-ல் ஆயிரத்துக்கு 18 ஆனது. 1864-ல் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்ததும் இந்த முயற்சியின் பலன்தான். சுற்றியுள்ள ஊருக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் முகாமுக்கு மட்டும் ஆரோக்கியம் வராது என்று அவர் வாதாடினார். பின்னாளில் நம் விவசாயிகளின் பாசனத்துக்காகவும், அணைகள் கட்டிய ஆர்தர் காட்டனோடு சேர்ந்து குரல் கொடுத்தார்.

கடைசிக் காலம்

போர் நடந்த காலத்திலேயே அவர் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். சிப்பாய்கள் பலர் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். 44,000 பவுண்டு சேர்ந்தது. ஒரு காசும் தனக்கென்று எடுக்காமல், 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். மதிப்பில்லாமல் இருந்த அந்த வேலை, நம்ம ஊர்ப் பெண் பிள்ளைகள் வெள்ளை உடையில் தலைநிமிர்ந்து போகும் வேலையாக மாறியதில் அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயர்ந்த விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அப்போது கண் பார்வை போயிருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, 90 வயதில் காலமானார். மன்னர்கள் பலர் அடக்கமாகியிருக்கும் இடத்தில் வைக்கலாம் என்று அரசு சொன்னது. அவர் விருப்பப்படி குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லி, சொந்த ஊர்க் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை, முதல் எழுத்துகளும் ஆண்டுகளும்தான். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் ராணுவத்தினர். அவர் பிறந்த மே 12-ஐ உலகமே செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது.

சகோதரிகளே, சிப்பாயின் தியாகத்தைப் புகழ்ந்து பேசுவது சுலபம். அவருக்குத் துவைத்த சட்டை கிடைத்ததா, சம்பளம் வீடு சேர்ந்ததா, அவர் ஏன் செத்தார் என்று கேட்பதுதான் கஷ்டம். அம்மையார் கேட்டார், எழுதிவைத்தார், முடியும்வரை விடவில்லை. நம் பகுதியில் பட்டாளத்துக்காரர் வீடோ, கணவனை இழந்த ராணுவ வீரர் மனைவியோ இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்ப்போம். பென்ஷன் ஒழுங்காக வருகிறதா, எந்தக் காகிதமாவது எந்த மேஜையிலாவது நிற்கிறதா என்று கேட்போம். நிற்கிறது என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போவோம். அவருக்கு நாம் சொல்லும் நன்றி அதுவாக இருக்கட்டும்.