நிறைகோல் போற்றிய பேரறிஞர் அல்பிரூனி

ஒரு பொருள் இன்னதென அறிய அதனை எரித்தும் கரைத்தும் பார்ப்பது ஒரு வழி. பொருளுக்கு ஊறு நேராமல், அதன் எடை, அடர்த்தி, ஒளியை ஏற்கும் தன்மை முதலிய பண்புகளை அளந்து அறிவது மற்றொரு வழி. பல்கலைக்கழகங்களில் வேதியியல் மாணவர் இயற்பியல்முறைப் பகுப்பாய்வு என்று பயில்வது இவ்விரண்டாம் வழியையே. கருவி காட்டும் எண்ணை நொடிப்பொழுதில் குறித்துக்கொள்ளும் அம்மாணவர், அத்தகைய எண்ணுக்காக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரும்பாடுபட்ட அறிஞர் ஒருவரை அறிதல் வேண்டும். அவரே அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி.

இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சார்ந்த குவாரிஸ்ம் பகுதியில், காத் நகரின் புறத்தே 973ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பாரசீகத்தில் 'பிரூன்' என்பது புறப்பகுதியைக் குறிக்கும். அதுவே அவர் பெயருக்குக் காரணமாயிற்று என்பர். இளமையில் அபூ நஸ்ர் மன்சூர் என்னும் கணித மேதையிடம் பயின்றார். 995இல் மூண்ட உள்நாட்டுப் போரால் பிறந்த மண்ணைத் துறந்து, ரய், ஜுர்ஜான் முதலிய நகரங்களில் வாழ்ந்தார். பின்னர்த் தாயகம் திரும்பினார்; எனினும் அங்கும் அமைதி நிலைக்கவில்லை. 1017இல் கஸ்னி மஹ்மூது குவாரிஸ்மை வென்றபோது, பிற அறிஞர்களோடு அவரும் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அரசுகள் மாறின, அவர்தம் கல்வி மாறவில்லை. வென்ற மன்னரின் அவையில் இருந்துகொண்டே இந்திய மக்களின் கல்வியையும் சமயத்தையும் வடமொழி கற்று ஆராய்ந்தார். அதன் பயனாக 1030ஆம் ஆண்டளவில் 'கிதாபுல் ஹிந்த்' என்னும் பெருநூலை யாத்தார். பிறர் கொள்கையை அவர்தம் நூல்வழியே எடுத்துரைக்கும் நடுநிலையை அந்நூலில் நாம் காண்கின்றோம். அந்த நடுநிலையே அவரது ஆய்வுக்கூடத்திலும் விளங்கிற்று.

பொன்னில் செம்பு கலப்பதும் மணியெனக் கண்ணாடியை விற்பதும் எக்காலத்தும் உள்ளவை. உரைகல்லில் உரைத்துப் பொன்னின் மாற்றுக் காணலாம். ஆனால் உரைக்குந்தோறும் பொன் சிறிது தேயும். கடைந்தெடுத்த மணியை உடைத்துப் பார்த்தலும் இயலாது. எனவே அல்பிரூனி நீரையும் நிறைகோலையும் துணைக்கொண்டார். கூம்பு வடிவக் கலம் ஒன்றின் பக்கத்தில் குழாய் பொருத்தி, அக்குழாயின் மட்டம் வரை நீர் நிரப்பினார். முன்னரே நிறுத்து வைத்த பொருளை உள்ளே இட்டதும், அதன் கன அளவுக்கு ஈடான நீர் வெளியேறியது. அந்நீரையும் நிறுத்தார். இவ்விரு எடைகளின் விகிதமே நாம் இன்று கூறும் ஒப்படர்த்தியாகும்.

சொல்வதற்கு எளிதான இம்முறை செய்வதற்கு அரிது. குழாயில் ஒட்டி நிற்கும் சில துளி நீரே முடிவைப் பிழையாக்கிவிடும். அதனை உணர்ந்து குழாயின் அமைப்பைத் திருத்தினார். வெந்நீரும் தண்ணீரும், நன்னீரும் உவர்நீரும் அடர்த்தியில் வேறுபடுதலையும் கண்டறிந்தார். அவர் தந்த விகிதங்களை இக்கால முறைக்கு மாற்றின், பொன் 19க்குச் சற்று மேலாகவும், ஈயம் ஏறத்தாழ 11.4 ஆகவும், செம்பு ஏறத்தாழ 8.9 ஆகவும் அமைகின்றன. இன்றைய அளவீடுகள் முறையே 19.3, 11.3, 8.96 ஆகும். மின்விசையும் நுண்தராசும் இல்லாத காலத்தில் இத்துணை நெருக்கம் வியப்பிற்குரியது!

அடர்த்தி ஒன்றைக் கொண்டே எல்லாப் பொருளையும் அறிந்துவிட முடியாது. அதனால் நிறம், கடினத்தன்மை, பிறந்த இடம் முதலியவற்றையும் தம் மணிநூலாகிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்பதில் விரித்துரைத்தார். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்க்கும் இந்நெறி இன்றைய ஆய்வகங்களுக்கும் உரியது. 1121இல் அல்காஸினீ இயற்றிய 'மீஸானுல் ஹிக்மா', அதாவது ஞானத் தராசு, அல்பிரூனியின் முடிவுகளைப் போற்றிக் காத்தது.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காக்குமாறு திருமறை பணிக்கின்றது. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். வணிகருக்கு மட்டுமே உரியதெனப் பலர் கருதும் அவ்வறத்தை அறிவியலுக்கும் உரியதாக்கியவர் அல்பிரூனி என்பது நம் துணிபு. ஆய்வகத்தில் விரும்பிய விடை வரும்வரை எண்ணைத் திருத்தி எழுதும் மாணவன், எடைக்கல்லைக் குறைத்து வைக்கும் வணிகனின் வேறல்லன்.

பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கஸ்னாவிலேயே அவர் மறைந்தார். இறுதி வேளையில் தம்மைக் காண வந்த சட்ட அறிஞரிடம், முன்னர்ப் பேசிய வாரிசுரிமைச் சிக்கல் ஒன்றை விளக்குமாறு வேண்டினாராம். இந்நிலையிலுமா என்று வந்தவர் வியக்க, அறியாது செல்வதினும் அறிந்து செல்வதே நன்று என்னும் கருத்தில் விடையளித்தாராம். விளக்கத்தைக் கேட்டுத் தாமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார் என்றும், விடைபெற்ற அறிஞர் தெருவை அடையுமுன் வீட்டில் அழுகுரல் எழுந்தது என்றும் வரலாறு கூறும். தேர்வுக்காக மட்டும் கற்று, தேர்வு முடிந்ததும் மறக்கும் நமக்கு இவ்வரலாறே ஓர் உரைகல்.