கல்லும் கதையும்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

நாடோறும் காண்பதனாலேயே நம் கண்ணுக்குப் புலனாகாது ஒழியும் பொருள்கள் பல. நெடுந்தொலைவினின்று வருவோர் திரிசிரபுரத்து மலையை அண்ணாந்து நோக்கி வியந்து நிற்ப, அதன் அடியிலே பிறந்து வளர்ந்த நாமோ கடைவீதியில் நமக்கு வேண்டும் பண்டத்தை மட்டும் நோக்கிக் கடந்து செல்கின்றோம். கல்லும் சுதையும் எத்துணைச் சிறப்பாக அமைந்திருப்பினும், அவற்றின் வரலாற்றை எடுத்துரைப்பார் ஒருவர் வாயாத வரையில் அவை ஊமைப் பொருள்களேயாம். சிற்பி கல்லை அடுக்குகின்றான். புலவன் அக்கல்லுக்கு நா அளிக்கின்றான். இவ்விரண்டாவது தொண்டினைச் சோழநாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிற்கும் தம் வாழ்நாள் முழுதும் செய்துவந்த பெரியார் ஒருவர், நம் நகரை அடுத்த ஊர்களிலே பிறந்து வளர்ந்தவர் என்பது நாம் பெருமை கொள்ளுதற்குரியது. அவரே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர்தம் வரலாற்றை இந்நோக்குடன் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள், திரிசிரபுரத்திற்கு அணித்தாகிய எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையாரின் முன்னோர் மதுரைத் திருக்கோயிலில் பணி செய்தவராதலின், அவ்வாலயத்து இறைவன் பெயரே மகவுக்கு இடப்பெற்றது. சிதம்பரம் பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய தமிழாசிரியர். எண்ணெயூரிலும், பின்னர் அதவத்தூரிலும், அதன்பின் சோமரசம்பேட்டையிலும் அவர் கற்பித்துவந்தார். மணலில் எழுத்தெழுதக் கற்ற நாள்தொட்டே மைந்தருக்குத் தந்தையாரே ஆசானாயினார். மைந்தர் இளைஞராயிருக்கும்பொழுதே தந்தையார் இறந்துபட்டார். வறுமை சூழ்ந்தது, ஆயினும் கல்வி வேட்கை குன்றவில்லை. பிள்ளையவர்கள் திரிசிரபுரம் வந்து குடிபுகுந்தார்.

அந்நாளில் அவர் கண்முன் நின்றவை யாவை? மலைமேல் தாயுமானவர் திருக்கோயில். மேற்கே பழைய சோழர் தலைநகராகிய உறையூர். வடக்கே காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவகத்திலே திருவரங்கமும் திருவானைக்காவும். இவற்றுள் ஒவ்வொன்றிலும் கட்டடம் ஒரு வினாவை எழுப்புகின்றது. கதை அதற்கு விடை இறுக்கின்றது. தாயுமானவர் சந்நிதி மேற்கு நோக்கி நிற்க, கொடிமரம் அதன் பின்புறத்தே அமைந்திருப்பது ஏன்? இறைவனுக்கென வளர்த்த செவ்வந்தி மலர்களைக் கவர்ந்து உறையூர் மன்னனுக்கு அளித்த குற்றத்தால், இறைவன் அந்நகரை நோக்கித் திரும்பினான் என்றும், மண்மாரி பெய்து உறையூர் அழிந்தது என்றும் கூறுவர். உறையூரிலே வெக்காளியம்மன் கோயிலின் கருவறைக்கு மேற்கூரை இல்லாமை ஏன்? அம்மண்மாரியில் வீடிழந்த மக்கள் யாவரும் கூரை பெறுமளவும் தானும் வெயிலிலும் மழையிலும் இருப்பேன் என அன்னை உறுதி பூண்டாள் என்பது மக்கள் வழக்கு. திருவானைக்காவிலே இறைவனை ஒன்பது துளையுடைய பலகணி வழியே காணவேண்டியிருப்பதும், கருவறை வாயில் யானை புகவொண்ணாதவாறு சிறுத்திருப்பதும் ஏன்? முற்பிறப்பில் யானையொடு பகைத்த சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து இக்கோயிலை எடுத்தது என்பது புராணம். அவ்வாலயத்தின் புறமதிலையோ, எடுத்த கூலியாட்களுக்கு இறைவனே சித்தராய் வந்து திருநீற்றைக் கூலியாக அளித்தார் எனும் கதையால் திருநீற்றான் மதில் என்றே வழங்குகின்றனர். இக்கதைகளை நாம் நம்புவதும் நம்பாமையும் வேறு. அவை இல்லையேல் அவ்வாயிலையும் மதிலையும் எத்தனை பேர் நின்று நோக்கியிருப்பர் என்பதே ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

இத்தகைய ஊரிலே பிள்ளையவர்கள் கல்வி தேடித் திரிந்தார். அக்காலத்தில் கல்லூரி இல்லை. அச்சிட்ட நூல்களும் அரியன. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பெரியாரிடத்தே ஏட்டுச் சுவடியாய் அடங்கிக் கிடந்தது. மலைக்கோட்டை மௌன மடத்தில் இருந்த வேலாயுத முனிவர், உறையூர் முத்துவீர உபாத்தியாயர் முதலிய பலரையும் அடுத்து அவர் பாடம் கேட்டார். வீதியிலே பிச்சையேற்றுத் திரிந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் நன்கு தெரியும் எனக் கேள்வியுற்று, அவர் பின்னே தெருத்தெருவாய் நடந்து, வேண்டிய பணிவிடை புரிந்து, அந்நூலைக் கற்றுக்கொண்டார் என்ப. இவ்வாறு திரிசிரபுரத்து வீதிகளே அவருக்குக் கலைக்கழகமாயின.

கற்ற ஊருக்கு அவர் செலுத்திய கைம்மாறு செய்யுளேயாம். திரிசிராமலைக்கு யமகவந்தாதியும், திருவானைக்காவிற்குத் திரிபந்தாதியும், அங்கு எழுந்தருளிய அம்மைமீது அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழும் பாடினார். உறையூருக்குப் புராணம் ஒன்று இயற்றினார். சோழர் மாளிகையும் மதிலும் மறைந்து, நெசவாளர் தறியோசை கேட்கும் ஊராய் நின்ற உறையூரின் பழம்பெருமை அதனாற் புதுக்கப்பெற்றது.

தலபுராணம் என்பது யாது என்பதை இக்கால மாணவர் பலர் அறியார். அது ஓர் ஊரின் கதை. முதலில் நாட்டுப்படலம் ஆற்றையும் வயலையும் கூறும். அடுத்து நகரப்படலம் வீதியையும் மாடத்தையும் கூறும். பின்னர்க் கோயிலும் குளமும் தலமரமும் ஒவ்வொன்றும் தத்தம் வரலாற்றைப் பெறும். ஊரார் வேண்டிக்கொண்டால் வடமொழியில் உள்ள வரலாற்றைத் தமிழ் வசனமாக எழுதுவித்துக் கொடுப்பர். பிள்ளையவர்கள் அதனை மனத்தில் அமைத்துக்கொண்டு செய்யுட்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே செல்வார்; மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். பிறகு அரங்கேற்றம். அது அரண்மனையிலன்றி அவ்வூர்க் கோயில் மண்டபத்திலேயே பல நாட்கள் நிகழும். புலவரும் வேளாளரும் வணிகரும் ஒருங்கு கூடியிருந்து கேட்பர். முன்னாள் வரை தாம் நிழலுக்கு ஒதுங்கிய தூணருகே அமர்ந்து, தாம் நீராடிய குளத்தின் பெருமையை ஒரு பெரும்புலவர் வாயாற் கேட்ட அம்மக்கள், மறுநாட் காலையில் அக்குளத்தைப் பழைய கண்ணாலோ கண்டிருப்பர்? கட்டடமும் கதையும் ஒன்றற்கொன்று துணையாகும் முறை இதுவே. மண்டபம் கதைக்கு இடமளித்தது. கதை மண்டபத்திற்குப் பொருளளித்தது.

இம்முறை நம் திருவரங்கத்திற்குப் புதிதன்று. தாயார் சந்நிதி எதிரே உள்ள மண்டபத்திலேதான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என வழிவழிக் கூறுவர். ஏழு மதில் சூழ்ந்து, 21 கோபுரம் தாங்கி, 156 ஏக்கர்ப் பரப்பில் விரிந்த அப்பெருங்கோயிலில் அதனினும் பெரிய மண்டபங்கள் பல உள. ஆயினும் சிறிய அம்மண்டபத்தைக் கேட்டறிந்து காண்போர் பலர். கம்பர் எனும் பெயரே அதற்குக் காரணம்.

1860-ஆம் ஆண்டளவில் பிள்ளையவர்கள் மாயூரம் சென்று தங்கினார். திருவாவடுதுறை ஆதீனத்து அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் எனும் பட்டம் அளித்தார். திருக்குடந்தை, மாயூரம், நாகைக்காரோணம் முதலிய பெருந்தலங்கட்கும், ஆற்றூர், விளத்தொட்டி போன்ற சிற்றூர்கட்கும் அவர் புராணம் பாடினார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் அவர் வாக்கிற் பிறந்தன. கொடுங்கைகளின் நுண்ணிய வேலைப்பாட்டாற் சிற்பிகளும் வியக்கும் திருப்பெருந்துறைக்கு அவர் இயற்றிய புராணம் 1873-ஆம் ஆண்டளவில் அங்கே அரங்கேறியது. கல்லிலே சிற்பி காட்டிய நுணுக்கத்திற்கு ஈடாகச் சொல்லிலே புலவர் நுணுக்கம் காட்டிய காட்சி அது.

இப்புராணங்களைக் குறைகூறுவாரும் உளர். கூரை வேய்ந்த குடில்களே நிறைந்த சிற்றூரை வானளாவிய மாடங்களுடையதாகப் பாடுதல் பொய்யன்றோ என்பர். ஒரு புராணத்து நகர வருணனை மற்றொன்றன் வருணனையை ஒத்திருக்கின்றது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அக்காலத்துப் புலவர்க்கு மரபு ஒரு வேலியாயிருந்தது, பரிசிலோ பிழைப்பாயிருந்தது. எனினும் ஒன்று நோக்குக. மன்னனையும் வள்ளலையும் பாடுதற்கே உரியதாயிருந்த சொல்வளத்தை, பெயரறியாச் சிற்றூரின் குளக்கரைக்கும் வாரி வழங்குதல் எளிய செயலன்று. தாய் தன் மகவை மதியென்கின்றாள். அதனை வானநூலாரிடம் கொடுத்து அளக்கச் செய்வார் இல்லை. தன் ஊரும் பாடற்குரியது என ஒருவன் உணர்ந்தானாயின், அதனைத் தூய்மையாய் வைத்தற்கும் பழுதுபார்த்தற்கும் அவன் கை தானே முற்படும்.

அவர்தம் மாணாக்கர் கூட்டமும் இப்பரந்த உள்ளத்திற்குச் சான்றாகும். பூவாளூர்த் தியாகராச செட்டியாரும், 1871-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் ஓராசிரியரிடமே பாடம் கேட்டனர். திரிசிரபுரத்தை அடுத்த குளத்தூரிற் பிறந்த கிறிஸ்தவராகிய முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவருடைய உயிர்நண்பர். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்துக்கோவை பாடினார். நண்பரின் ஊரையே நூலின் பெயராக்கியமையால், குளத்தூரும் தமிழ் நூல் வரிசையில் இடம்பெற்றது.

இத்துணைப் பாடியும் செல்வம் அவர்பால் நிலைக்கவில்லை. மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்துக் கற்பித்தமையாற் கடனே மிஞ்சியது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் நாள் திருவாவடுதுறையில் அவர் உலகவாழ்வை நீத்தார். இறுதி நேரத்தில் சவேரிநாத பிள்ளை அவருடலைத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகம் ஓதினார் என்ப. சமய வேறுபாட்டைக் கடந்த அக்காட்சியை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது. அம்மாணாக்கராகிய ஐயரே பின்னர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியர் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். ஊர்களின் கதையைச் சொன்னவருக்கும் அவர் கதையைச் சொல்ல ஒருவர் வாய்த்தார்.

கதையிழந்த கட்டடம் என்னாகும் என்பதற்கும் நம் நகரே சான்று. திரிசிரபுரத்தைச் சூழ்ந்திருந்த கோட்டை மதில் அப்பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டது. அகழி தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று. மெயின்கார்டு கேட் எனும் வாயில் எஞ்சி நிற்கின்றது. அகழியிருந்த இடத்துச் சாலைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மக்கள் நாவிலே புலிவார்டு எனத் திரிந்து, அங்கே புலி உலாவியதோ எனப் புதியோர் மயங்குமாறு நிற்கின்றது. பெரும்போர்கள் பலவற்றைக் கண்ட மதில் அது. ஆயினும் அதற்கு ஒரு புராணம் பாடுவார் இல்லை. மேல்நாட்டிலோ விக்டர் ஹியூகோ 1831-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பெருங்கோயிலைக் களமாக்கி ஒரு நாவல் எழுத, சிதைந்து கிடந்த அக்கோயிலின்பால் மக்கள் உள்ளம் திரும்பிற்று. சின்னாட்களில் திருப்பணியும் தொடங்கிற்று. நம் திருவரங்கத்திலும், பிள்ளையவர்கள் காலத்தில் முற்றுப்பெறாது மொட்டையாய் நின்ற தெற்கு இராசகோபுரம் 1987-ஆம் ஆண்டில் 236 அடி உயர்ந்து நிறைவெய்தியது. பல நூற்றாண்டாய்க் குறைப்பட்டு நின்றதனை முடிக்கவேண்டும் என மக்களைத் தூண்டியது, அவ்வூரைப் பற்றிய பாடலும் கதையும் அவர் நெஞ்சில் அறாது வாழ்ந்தமையன்றோ?

யோர்தான் நதியைக் கடந்த இசுரவேலர் பன்னிரு கற்களை நாட்டியது, இக்கற்கள் யாவை எனப் பின்னாளில் மக்கள் வினவும்போது பெற்றோர் விடை கூறுதற்பொருட்டே என வேதாகமத்திற் படிக்கின்றோம். கல் நாட்டுதல் பாதி வேலை. வினவுவாரும் விடை கூறுவாரும் இருந்தாலன்றி மறுபாதி நிறைவுறாது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, நும் ஊருக்குத் தலபுராணம் உண்டோ எனத் தேடுமின். கோயிலாயினும், தேவாலயமாயினும், பள்ளிவாசலாயினும், பாழடைந்த சத்திரமாயினும், அதன் தூணுக்கும் படிக்கும் உரிய கதையை முதியோரிடம் கேட்டு எழுதுமின். பிச்சையேற்ற பரதேசியின் பின்னே நடந்து ஒரு நூலைக் கற்றவர் பிள்ளையவர்கள். நம் வீட்டுத் திண்ணையிலிருக்கும் பாட்டியார்பாற் சற்றே அமர்ந்து கேட்டல் நமக்கு அரிதோ? அவர் காலத்து முதியோர் சொல்லியதை அவர் எழுதிவைத்தார். நம் காலத்து முதியோர் சொல்வதை எழுதவேண்டியவர் நாமே.