வெறுங்காலில் வென்ற வீரர் அபேபே பிகிலா

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களுள் மிக நீளமானது மாரத்தான் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். கிரேக்க நாட்டில் மாரத்தான் என்னும் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸ் நகர் வரை வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடிய வீரனின் பழங்கதையே இதற்குப் பெயர் தந்தது. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலிருந்து இப்பந்தயம் தவறாமல் நடைபெற்று வருகிறது.

மாரத்தான் ஓடுகிறவர் பக்கத்தில் ஓடும் வீரரோடு மட்டும் போட்டியிடுவதில்லை, கடிகாரத்தோடும் போட்டியிடுகிறார். இத்தனை மணி, இத்தனை நிமிடத்தில் முடிப்பேன் என்று மனத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மாதக் கணக்கில் உழைத்து, அந்த நேரத்தை எட்டிப் பிடிப்பதே அவருக்குப் பேரின்பம். அவ்வாறு இருமுறை உலகின் மிகச் சிறந்த நேரத்தை எட்டிப் பிடித்தவரும், பின்னர் ஓடவே இயலாத நிலை வந்தபோதும் மனம் தளராதவருமான அபேபே பிகிலா அவர்களின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கே, வானளாவிய மலைகளும் மேட்டு நிலங்களும் நிறைந்த எத்தியோப்பிய நாட்டில், ஜாட்டோ என்னும் சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் அபேபே பிறந்தார். அதே நாளில்தான் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடைபெற்றது என்பது வியப்புக்குரிய செய்தி. அவருடைய தந்தையின் பெயர் பிகிலா. நம் வீடுகளில் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம் அல்லவா? எத்தியோப்பியரும் தந்தையின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொள்கின்றனர். அவர்கள் தந்தை பெயரைப் பின்னால் வைக்கின்றனர், நாம் முன்னால் வைக்கிறோம், அவ்வளவே வேறுபாடு. அம்மக்களின் அம்ஹாரிய மொழியில் அபேபே என்னும் பெயருக்கு ‘மலர்ந்தது’ என்று பொருள்.

அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1935-ஆம் ஆண்டு, முசோலினியின் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின் மீது பாய்ந்தது. 1941 வரை அந்நாடு அந்நியர் பிடியில் துன்புற்றது. இச்செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதன் பொருள் விளங்கும்.

வறுமையிலே வளர்ந்த அபேபே, இளைஞரானதும் தலைநகராகிய அடிஸ் அபாபாவுக்குச் சென்று, பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காப்புப் படையில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார்.

ஆசானும் பயிற்சியும்

நல்ல மாணவருக்கு நல்ல ஆசான் வாய்ப்பது பெரும் பேறு. அபேபேக்கு வாய்த்த ஆசான், சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஒன்னி நிஸ்கானென் என்பவர். படையினருக்கு உடற்பயிற்சி அளித்து வந்த அவர், ஒல்லியான உடலும் அமைதியான முகமும் கொண்ட இந்த வீரரின் ஆற்றலைக் கண்டுகொண்டார். ஓடும்போது கைகளை எப்படி வைப்பது, மூச்சை எப்படிக் காப்பது, தொடக்கத்திலேயே பாய்ந்துவிடாமல் வேகத்தை எப்படிப் பங்கிடுவது என்றெல்லாம் பொறுமையுடன் கற்பித்தார்.

அடிஸ் அபாபா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். அவ்வளவு உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவாக இருப்பதால், அங்கு வாழ்வோரின் உடல் அதை ஈடு செய்ய இரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. அத்தகையோர் தாழ்வான ஊர்களில் வந்து ஓடும்போது அது அவர்களுக்குப் பெருந்துணையாகிறது.

1960-ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் நடந்த ஒரு மாரத்தானை அபேபே 2 மணி 21 நிமிடம் 23 விநாடியில் முடித்தார். அப்போது இருந்த ஒலிம்பிக் சாதனை, செக் நாட்டு மாவீரர் எமில் ஸாட்டோபெக் 1952-இல் ஏற்படுத்திய 2 மணி 23 நிமிடம் 3 விநாடி. அதையும் மிஞ்சிய நேரத்தை, அதுவும் காற்று மெலிந்த மலை நகரில் ஓடி எடுத்த வீரரைப் பற்றி வெளியுலகம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. ரோம் ஒலிம்பிக் அணியிலும் கடைசி நேரத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

ரோமாபுரியில்

ரோம் நகருக்கு வந்து சேர்ந்த அபேபேக்குக் காலணியால் ஒரு சிக்கல் உண்டாயிற்று. புதிதாகக் கிடைத்த காலணிகள் அவர் பாதத்துக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத காலணியோடு 42 கிலோமீட்டர் ஓடினால் கொப்புளங்களே மிஞ்சும். தாய்நாட்டில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் ஆதலால், வெறுங்காலிலேயே ஓடுவது என்று முடிவாயிற்று.

1960 செப்டம்பர் 10. வெயிலின் கொடுமையைத் தவிர்க்க மாலையில் பந்தயம் தொடங்கியது. பழமை வாய்ந்த கேப்பிட்டோலைன் குன்றின் அடிவாரத்திலிருந்து 69 வீரர்கள் புறப்பட்டனர். காலணி இல்லாமல் நின்ற 11-ஆம் எண் வீரரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் பாதித் தூரம் கடப்பதற்குள் முன்னணியில் இருவரே எஞ்சினர். ஒருவர் மொராக்கோ நாட்டின் ராடி பென் அப்தஸ்ஸலாம். மற்றவர் நம் அபேபே.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. ராடிதான் வலிமையான போட்டியாளர், அவர் எண் 26, அவரை விட்டு அகலாதே என்று நிஸ்கானென் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ராடி அன்று அணிந்திருந்ததோ 185. பக்கத்திலேயே ஓடிவருபவர்தான் ராடி என்பதை அறியாத அபேபே, 26 என்ற எண் இன்னும் முன்னால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, அதைப் பிடிப்பதற்காகவே வேகம் குறையாமல் ஓடினார்!

இருள் சூழ்ந்தது. பழைய ரோமானியர் அமைத்த அப்பியன் சாலையின் இருமருங்கிலும் இராணுவ வீரர்கள் தீப்பந்தங்களை ஏந்தி நின்றனர். அந்த வெளிச்சத்தில் வெறும் பாதங்கள் கல் பாவிய சாலையில் ஓசையின்றி விரைந்தன. பந்தய முடிவு நெருங்கும் இடத்தில், 24 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்தூண் நின்றது. எத்தியோப்பியாவின் பழம்பெரும் அக்சும் நகரிலிருந்து 1937-இல் இத்தாலியப் படை பெயர்த்துக் கொண்டுவந்த தூண் அது. அந்த இடத்திலிருந்து பாய்ந்து ஓட வேண்டும் என்று ஆசானும் மாணவரும் முன்னரே பாதையைப் பார்வையிட்டுத் திட்டமிட்டிருந்தனர். தம் நாட்டின் தூணைக் கண்டதும் அபேபே முன்னே பாய்ந்தார். ராடி பின்தங்கினார். கான்ஸ்டன்டைன் வளைவின் கீழே முதல்வராக வந்து நின்றார் வெறுங்கால் வீரர்.

அவர் எடுத்த நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. சோவியத் வீரர் செர்கேய் போப்போவ் 1958-இல் எடுத்த உலகின் சிறந்த நேரத்தைவிட 0.8 விநாடி குறைவு. ஆப்பிரிக்காவின் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. எந்த நாடு படையெடுத்துத் தம் தாயகத்தை அடிமைப்படுத்தியதோ, அந்த நாட்டின் தலைநகரில், வாளும் துப்பாக்கியும் இன்றித் தம் இரு பாதங்களால் அவர் பெற்ற வெற்றி இது. எத்தியோப்பிய மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்ததில் வியப்பென்ன?

இந்த வேகம் எத்தகையது என்று கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 12 விநாடி. 100 மீட்டருக்குச் சுமார் 19 விநாடி. விளையாட்டு விழாவில் 100 மீட்டரை 19 விநாடியில் ஓடி முடித்ததும் நம்மில் பலர் மூச்சு வாங்கிப் புல்தரையில் அமர்ந்துவிடுவோம். அவரோ அதே வேகத்தில், இடையே நில்லாமல், ஏறக்குறைய 422 தடவை அத்தூரத்தைக் கடந்திருக்கிறார்!

தோல்வியும் நோயும்

புகழின் உச்சியை அடைந்த பின்னும் அபேபே பயிற்சியைக் கைவிடவில்லை. 1961-இல் ஏதென்ஸ், ஒசாகா, கோசிட்சே ஆகிய நகரங்களில் வென்றார். 1963-இல் பாஸ்டன் நகரில் குளிர்காற்றும் மேடும் அவரைத் தளரச் செய்தன. ஐந்தாவதாகவே வர முடிந்தது. அந்தத் தோல்வியால் அவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை நோக்கி உழைத்தார்.

பந்தயத்துக்கு ஐந்து வாரங்களே இருந்த நிலையில், 1964 செப்டம்பரில், குடல்வால் அழற்சி கண்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. வேறொருவராயின் பயணத்தையே கைவிட்டிருப்பார். அபேபேயோ உடல் தேறத் தொடங்கியதுமே மெல்ல நடந்தார், பிறகு ஓடினார், டோக்கியோவுக்கும் புறப்பட்டார்.

1964 அக்டோபர் 21 அன்று, இம்முறை காலணி அணிந்து, தன்னந்தனியராக அரங்கத்துக்குள் ஓடி வந்தார். 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடி! மீண்டும் உலகின் சிறந்த நேரம். இரண்டாவதாக வந்த இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி நான்கு நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் வீரர் என்ற பெருமை அபேபேக்குக் கிட்டியது. ஓடி முடித்ததும் களைத்து விழாமல், புல்வெளியில் படுத்துக் கால்களை உயர்த்தி உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார். கூடியிருந்தோர் திகைத்துப் போயினர். எத்தியோப்பிய நாட்டுப் பண் வாத்தியக் குழுவிடம் இல்லாததால் பரிசளிப்பின்போது ஜப்பானிய நாட்டுப் பண்ணையே இசைத்தார்களாம்.

ரோமைவிட டோக்கியோவில் அவர் குறைத்துக்கொண்டது 3 நிமிடம் 5 விநாடி. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் நான்கு விநாடிக்குச் சற்று மேல்தான். அந்த நான்கு விநாடிக்கு நான்கு ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் கால் எலும்பில் ஏற்பட்ட காயத்தோடு ஓடத் தொடங்கி, ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் விலக நேர்ந்தது. எனினும் அவருடைய தோழர் மாமோ வோல்டே வென்று, எத்தியோப்பியாவுக்கு மூன்றாவது தங்கத்தைத் தேடித் தந்தார்.

விதியின் சோதனை

1969 மார்ச் 22-ஆம் நாள் இரவு, தம் வோக்ஸ்வேகன் காரை ஓட்டி வந்தபோது, அது சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. உலகையே வியக்க வைத்த கால்கள் அன்றோடு செயலிழந்தன. தொடக்கத்தில் கைகளையும் அசைக்க இயலவில்லை. இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மாதக் கணக்கில் சிகிச்சை பெற்றார். மணிக் கணக்கில் ஓடிய அவருக்கு, கையைச் சற்றே உயர்த்துவதுதான் இப்போது எட்ட வேண்டிய இலக்கு. அதையும் எட்டினார். கைகள் மீண்டன, இடுப்புக்குக் கீழ் மட்டும் உணர்வு திரும்பவேயில்லை.

முதுகுத்தண்டு அடிபட்டோருக்கு விளையாட்டே நல்ல மருந்து என்று கண்ட டாக்டர் லுட்விக் குட்மன், அம்மருத்துவமனையில் 1948-இலேயே விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கியிருந்தார். 1970-இல் அப்போட்டிகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லேந்தினார் அபேபே. 1971-இல் நார்வே நாட்டின் பனிவெளியில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிப் பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். கால்கள் போன பின்னும் பந்தய உள்ளம் போகவில்லை!

1973 அக்டோபர் 25 அன்று, தம் 41-ஆம் வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் அவர் உயிர் நீத்தார். மனைவியும் நான்கு மக்களும் மட்டுமின்றி நாடே அழுதது. பேரரசர் துக்க நாள் அறிவித்தார். அடிஸ் அபாபாவில் புனித சூசையப்பர் ஆலயத்தில் இராணுவ மரியாதையோடு அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

அபேபே ஓடிய காலத்தில் ஒலிம்பிக் மாரத்தானில் பெண்களுக்கு இடமே இல்லை. பெண்ணின் உடல் அவ்வளவு தூரம் தாங்காது என்று கருதினார்கள். 1984-ஆம் ஆண்டுதான் அக்கதவு திறந்தது. 1996-இல் அபேபேயின் தாயகத்தைச் சேர்ந்த ஃபத்துமா ரோபா என்னும் பெண்மணி அதில் தங்கம் வென்றார். 2023-இல் மற்றோர் எத்தியோப்பியப் பெண்மணியான டிக்ஸ்ட் அசெஃபா பெர்லின் மாரத்தானை 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி முடித்தார். டோக்கியோவில் அபேபே எடுத்த நேரத்தைவிட இது 18 விநாடி குறைவு! ஒரு காலத்தில் உலகில் எந்த ஆணும் எட்டாதிருந்த நேரத்தை அவர் நாட்டுப் பெண் ஒருவர் கடந்துவிட்டார். இச்செய்தியைப் படித்தபோது எங்கள் வகுப்புத் தோழியர் அனைவரும் கைதட்டி மகிழ்ந்தோம்.

இத்தாலியர் கொண்டுசென்ற அக்சும் தூணும் 2005-இல் தாயகம் திரும்பி, 2008-இல் பழைய இடத்தில் நிறுத்தப்பட்டது. அதனைக் காண அபேபே இல்லை.

பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் நமக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு உண்டு. அது சிலருக்கு முதலிடம். சிலருக்கு, சென்ற தேர்வைவிடப் பத்து மதிப்பெண் கூடுதல். எதுவாயினும் நான்கு விநாடிக்காக நான்கு ஆண்டு உழைத்த அந்த மாவீரரை நினைத்துக்கொண்டு, நம் பாதையில் நாமும் நில்லாமல் ஓடுவோமாக!