மாண்ட பின் வந்த பட்டம்

வங்காள வீராங்கனை பிரீதிலதா வதேதார் 1911-ம் ஆண்டு சிட்டகாங்கில் பிறந்தார். கல்கத்தா பெத்யூன் கல்லூரியில் தத்துவம் படித்துச் சிறப்பாகத் தேறினார். ஆனால் பட்டம் கைக்கு வரவில்லை. வெள்ளையர் ஆட்சி தடுத்துவிட்டது.

ஊர் திரும்பிப் பள்ளிக்கூட ஆசிரியை ஆனார். சூரியா சென்னின் புரட்சிப் படையில் சேர்ந்தார். 1932 செப்டம்பரில் ஒரு நாள் இரவு, ஆண் வேடம் பூண்டு, தோழர்களுக்குத் தலைமை தாங்கி, பகார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கினார். குண்டுக் காயம் பட்டது. எதிரியிடம் பிடிபட மனம் இல்லை. சயனைடு விஷம் தின்று உயிர் துறந்தார். அப்போது வயது 21.

80 ஆண்டுகள் உருண்டோடின. 2012-ல் கல்கத்தா பல்கலைக்கழகம், அவருக்கும் அவரைப் போலவே பட்டம் மறுக்கப்பட்ட பீனா தாசுக்கும் அதை வழங்கியது. வாங்கிக்கொள்ள இருவரும் உயிரோடு இல்லை. ஆயினும், படித்துத் தேறியவரின் உரிமை சாவதில்லை!