சமிக்ஞையை ஏற்கும் கருவி: ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவது

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயக் குடியிருப்புகளை மூடியது. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. சமிக்ஞை அனுப்பப்பட்டிருந்தது. அதனை ஏற்றுச் செயற்படும் ஏற்பாடுதான் இருக்கவில்லை. சமிக்ஞை எவ்வளவு நுண்ணியதாயினும் அதனை ஏற்கும் கருவியை ஆக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட விஞ்ஞானி ஒருவரை இவ்விடத்தில் நாம் நினைவுகூர விரும்புகின்றோம்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷில் அடங்கிய மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை அரசாங்க உயர் அதிகாரி. எனினும் மகனை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பாது, வங்காள மொழிப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கு ஒரு புறம் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருக்கக் கல்வி கற்றதை, போஸ் பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

மருத்துவம் பயில லண்டன் சென்ற அவர், நோயின் காரணமாக அதனைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு வழங்கிய சம்பளத்திலும் குறைந்த தொகையே அவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்து மூன்று ஆண்டுகள் சம்பளமின்றியே கற்பித்தார். ஈற்றில் நிர்வாகம் பணிந்து, நிலுவை முழுவதையும் வழங்கியது. அவரது துணைவியார் அபலா, கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் சென்னை வந்து மருத்துவம் பயின்றவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் நடைபெற்ற செயல்விளக்கமே போஸின் புகழுக்கு வித்திட்டது. கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள் ஆளுநரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, அப்பால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்தின. சில மில்லிமீற்றர் அலைநீளமே கொண்ட அலைகளை உண்டாக்கியதோடு, அவற்றை உணரும் நுண்கருவிகளையும் அவர் தாமே ஆக்கினார். அறிவைக் காப்புரிமையால் பூட்டி வைப்பதை அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தபோதும், அதனால் பொருளீட்ட முனையவில்லை.

பின்னர் அவரது ஆய்வு உயிர்களின் பக்கம் திரும்பியது. தொழுகண்ணி என்னும் செடியின் சிற்றிலைகள் யாரும் தீண்டாமலே மேலும் கீழும் அசைவதை அறிவோம். அவ்வசைவைப் பதிவுசெய்த போஸ், விலங்கின் இதயத்துடிப்போடு அதனை ஒப்பிட்டார். குளிர் துடிப்பைத் தளர்த்தியது, வெப்பம் விரைவுபடுத்தியது, ஈதர் ஆவி நிறுத்தியது. துடிப்பை இயக்குவது எது, தடுப்பது எது என்பதே அவரது வினா. 1901இல் லண்டனின் உடலியல் அறிஞர்கள் இவ்வாய்வை எதிர்த்தபோதும் அவர் தளரவில்லை. 1917இல் கல்கத்தாவில் தமது பெயரிலான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் திகதி காலமானார்.

அலையும் துடிப்பும் அவரது காலத்தில் இரு வேறு ஆய்வுகளாகவே இருந்தன. இன்று அவை ஒரே சத்திரசிகிச்சைக் கூடத்தில் சந்திக்கின்றன. இது போஸின் கண்டுபிடிப்பு அன்று. மிக உயர்ந்த மீடிறன் கொண்ட மின்னோட்டம் தசையையும் நரம்பையும் தூண்டுவதில்லை என 1890களில் பிரான்சின் தார்சன்வால் கண்டறிந்தமையே இதற்கு அடிப்படை. இதயத்தில் மின் சமிக்ஞை தவறான பாதையில் சுழலும்போது துடிப்பு கட்டுமீறி விரைகின்றது. 1982இல் அப்பாதையை அழிக்க இதயத்தினுள்ளே மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அது ஆபத்து மிகுந்த முறை. பின்னர் விலங்குகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகள், செக்கனுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் தடவைகள் மாறும் வானொலி மீடிறன் சக்தியால் சில மில்லிமீற்றர் திசுவை மாத்திரம் சுட்டு, தவறான பாதையைத் துண்டிக்கலாம் எனக் காட்டின. 1980களின் பிற்பகுதியில் இம்முறை மனிதருக்குப் பயன்படத் தொடங்கியது. தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மார்பைத் திறக்காமலே இன்று இச்சிகிச்சை செய்யப்படுகின்றது.

ஆனால் மீரியபெத்தவின் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயொருவரின் நெஞ்சு படபடத்தால், அது மலையேறிய களைப்பென்றே கருதப்படும். வைத்தியசாலைக்குச் செல்வதென்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும். படபடப்பு நேரும் வேளையில் ஈ.சி.ஜி. எடுக்கப்படாவிடின், நோய் இன்னதென்று அறியாமலே போகலாம். இதயம் அனுப்பும் சமிக்ஞை மலையிடுக்கிலேயே மறைந்துவிடும்.

சத்திரசிகிச்சைக் கூடங்களைத் தோட்டந்தோறும் அமைக்கும்படி நாம் கேட்கவில்லை. தோட்ட மருந்தகத்தில் ஈ.சி.ஜி. கருவியும், அதனை வாசிக்கத் தெரிந்தவரும், நோயாளியை உரிய வேளையில் நகருக்குக் கொண்டுசெல்லும் வாகனமும் இருக்க வேண்டும் என்றே கேட்கின்றோம். மலை அனுப்பிய சமிக்ஞையைத் தவறவிட்டதற்குரிய விலையை இம்மக்கள் செலுத்திவிட்டனர். மனித இதயம் அனுப்பும் சமிக்ஞையையேனும் ஏற்க நாம் ஆயத்தமாக வேண்டாமா? பணியாளரின் மகனும் மீனவரின் மகனும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற பாடசாலையிலிருந்து வந்த போஸின் நினைவுக்கு அதுவே உரிய மரியாதையாகும்.