தாமஸ் கோப்பையில் இருக்கும் அந்த தாமஸ் யார்?

2022 மே 15. பாங்காக்ல இந்தோனேசியாவை 3-0ன்னு இந்தியா சாய்ச்ச அன்னைக்கு, அதுவரைக்கும் பேட்மின்டன் பக்கமே போகாதவங்க கூட ஸ்டேட்டஸ் போட்டிருப்பாங்க. நீங்களும் போட்டிருப்பீங்க. லக்ஷ்யா சென், ஸ்ரீகாந்த், பிரணாய், சாத்விக், சிராக்னு எல்லார் பேரும் தெரியும். கோப்பையோட பேரும் தெரியும். ஆனா அந்த தாமஸ் யாருன்னு கேட்டா பெரும்பாலும் அமைதிதான். யாரோ ஸ்பான்சர் போலன்னு நினைச்சவங்களும் உண்டு.

அவர் பேர் ஜார்ஜ் ஆலன் தாமஸ். 1881 ஜூன் 14 அன்னைக்கு, இஸ்தான்புல்லுக்குப் பக்கத்துல இருக்கிற தெராப்பியாவில் பிறந்த ஆங்கிலேயர். பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பம். அம்மா லேடி எடித் தாமஸ் நல்ல செஸ் ஆட்டக்காரர். 1895-இல் ஹேஸ்டிங்ஸ்ல பெண்களுக்குன்னு நடந்த முதல் செஸ் போட்டியில் ஜெயிச்சவரே அவங்கதான். பையனுக்குச் செஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு தனியா ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்ல.

ஒண்ணை முதல்லயே சொல்லிடணும். தாமஸுக்கு நம்ம மாதிரி பிளேஸ்மென்ட் கவலை எல்லாம் கிடையாது. விளையாட்டிலேயே வாழ்க்கை பூரா செலவு பண்ற வசதி அவர் காலத்துல வெகு சிலருக்குத்தான் இருந்துச்சு, அந்தச் சிலர்ல அவரும் ஒருத்தர். அதை மறைச்சிட்டு உழைப்பால் உயர்ந்த உத்தமர்னு எழுதினா அது பொய். ஆனா வசதி இருந்த அத்தனை பேரும் அவர் பண்ணினதைப் பண்ணலங்கிறதும் உண்மை.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பூனாவில் ஆடி, விதி எழுதி, ஊருக்கு எடுத்துட்டுப் போன ஆட்டம் பேட்மின்டன். தாமஸ் ராக்கெட் எடுத்த காலத்துல அது இன்னும் முழுசா உருப்படாத ஆட்டம். கோர்ட்டே நடுவுல, அதாவது நெட் இருக்கிற இடத்துல, இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். 1901-லதான் அதை நேரான செவ்வகமா மாத்தினாங்க. அன்னைக்கு உலகத்துலேயே பெரிய போட்டி இங்கிலாந்தில் நடக்கிற ஆல் இங்கிலாந்து. உலக சாம்பியன்ஷிப்னு ஒண்ணு இல்லாததால இதை ஜெயிச்சவர்தான் கிட்டத்தட்ட உலக சாம்பியன்.

1903-இல் தாமஸ் அங்க முதல் பட்டம் வாங்குறார். மிக்ஸட் டபுள்ஸ். வயசு 21, நம்ம ஃபைனல் இயர் வயசு. கூட ஆடினவங்க எத்தல் தாம்சன். இவங்க லேசான ஆள் இல்ல. பின்னாடி கல்யாணமாகி எத்தல் லார்கோம்ப்ங்கிற பேர்ல 1912-இல் விம்பிள்டன் டென்னிஸ் சிங்கிள்ஸ் பட்டத்தையே ஜெயிச்சவங்க.

அப்புறம் 25 வருஷம் நிக்கவே இல்ல. கடைசிப் பட்டம் 1928-இல், 46 வயசுல. மொத்தம் 21 ஆல் இங்கிலாந்து பட்டங்கள். இதுல சிங்கிள்ஸ் நாலுதான். ஆண்கள் டபுள்ஸ் ஒன்பது, மிக்ஸட் எட்டு. அதாவது 21-க்கு 17 டபுள்ஸ்ல வந்தது.

டபுள்ஸ் ஆடிப் பார்த்தவங்களுக்கு இதோட அர்த்தம் சட்டுனு புரியும். சிங்கிள்ஸ்ல நீங்க தப்பு பண்ணினா உங்களையே திட்டிக்கலாம். டபுள்ஸ்ல பக்கத்துல ஒருத்தர் இருக்கார். ஷட்டில் மேல தூக்கி விழுந்தா ரெண்டு பேரும் பக்கவாட்டுல பிரியணும், அடிக்க வாய்ப்பு வந்தா ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பின்னாடினு மாறணும். யோசிக்க நேரமே இருக்காது. நடுவுல வர்ற ஷட்டில் யாருதுன்னு அரை நொடியில் முடிவாகணும். முடிவாகலைன்னா ராக்கெட்டும் ராக்கெட்டும் மோதும், இல்லைன்னா ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நிப்பீங்க. ஹாஸ்டல் கோர்ட்ல நடக்கிற சண்டைல பாதி இதனாலதான்.

தாமஸ் இதை ஒரே ஆளோட பழகி ஜெயிச்சவர் இல்ல. ஆண்கள் டபுள்ஸ்ல முதல்ல ஹென்றி மாரெட்டோட 1906, 1908, 1910, 1912. அப்புறம் ஃபிராங்க் செஸ்டர்டனோட 1913, 1914. அதுக்குப் பிறகு ஃபிராங்க் ஹாட்ஜோட 1921, 1924, 1928. மாரெட்டும் செஸ்டர்டனும் சிங்கிள்ஸ்ல ஆளுக்கு மூணு தடவை சாம்பியன். அதாவது மத்த நாள்ல எதிரா நிக்கிறவங்க கூடத்தான் ஒரே பக்கம் நின்னு ஆடணும். ரெண்டு சாம்பியனை ஒரே பக்கம் நிறுத்தினா அது தானா ஜோடி ஆயிடாதுன்னு உங்களுக்கே தெரியும். பார்ட்னர் மாற மாற ஜெயிச்சுக்கிட்டே இருந்தார்னா, பக்கத்துல நிக்கிறவரைப் படிக்கிற வித்தை தாமஸுக்குக் கை வந்திருக்கணும். என் கணக்குல அந்த நாலு சிங்கிள்ஸ் பட்டத்தை விட இது பெருசு.

நடுவுல முதல் உலகப்போர். 1915-லிருந்து 1919 வரைக்கும் போட்டியே நடக்கல. ஒரு ஆட்டக்காரருக்கு 33 வயசுலிருந்து 38 வயசு வரைக்கும் போச்சுன்னா, மிச்சம் என்ன இருக்கும்? தாமஸ் விஷயத்துல பாருங்க, 1920-இல் திரும்ப ஆரம்பிச்சதும் முதல் தடவையா சிங்கிள்ஸ் பட்டத்தை ஜெயிச்சார். அதுக்கு முன்னாடி அது அவருக்குக் கிடைச்சதே இல்ல. 1921, 1922, 1923-னு தொடர்ந்து நாலு வருஷம். அதுல முதல் மூணு வருஷமும் ஹேசல் ஹோகார்த்தோட சேர்ந்து மிக்ஸட் பட்டத்தையும் தூக்கிட்டார்.

1923-ஐ மட்டும் தனியா பார்க்கணும். அந்த வருஷம் 41 வயசுல ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் சாம்பியன். அதே வருஷம் பிரிட்டிஷ் செஸ் சாம்பியனும் அவர்தான். ரெண்டு ஆட்டம், ஒரே ஆள், ஒரே வருஷம். இது போக விம்பிள்டன்ல டென்னிஸும் ஆடியிருக்கார். நமக்கு ரெண்டு இன்டர்னல்ஸ் ஒரே நாள்ல வந்தாலே மூச்சு முட்டுது.

ஆனா செஸ் உலகம் அவரை ஞாபகம் வச்சிருக்கிறது ஒரு தோல்விக்காக. அநியாயம், ஆனா அப்படித்தான். 1912 அக்டோபர்ல லண்டன்ல எட்வர்ட் லாஸ்கர்னு ஒரு இளைஞரோட சும்மா பொழுதுபோக்கா ஒரு ஆட்டம். லாஸ்கர் ஜெர்மன்காரர், படிப்புல நம்ம ஆளு, எஞ்சினியர். (பின்னாடி தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஒண்ணுக்குப் பேடன்ட்டும் வாங்கியிருக்கார்.) 11-வது நகர்த்தல்ல அவர் ராணியையே பலி கொடுத்தார். தாமஸோட ராஜா ராணியை வெட்டியே ஆகணும். வெட்டினதும் செக், செக், செக். ராஜா தன் வீட்டை விட்டுக் கிளம்பி, பலகை பூரா நடந்து, எதிராளியோட கடைசி வரிசைக்கே போய்ச் சேர்ந்துச்சு. 18-வது நகர்த்தல்ல லாஸ்கர் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி வழி விட, பின்னாடி காத்திருந்த யானையால செக்மேட். யூடியூப்ல செஸ் பார்க்கிறவங்கன்னா இந்த ஆட்டம் உங்க கண்ணுல பட்டிருக்கும். ஜெயிச்சவர் பேர் ஞாபகம் இருக்கும், கறுப்புக்காய் ஆடினவர் பேர் இருக்காது. லாஸ்கருக்கு அப்போ இங்கிலீஷ் தெரியாது. தோத்த தாமஸ் ஆட்டம் முடிஞ்சதும் அவரை மனசார பாராட்டினார், அதைக் கூட இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு. லாஸ்கர் இதைப் பல வருஷம் கழிச்சும் மறக்காம எழுதி வச்சிருக்கார்.

சரி, ஜெயிச்சதையும் சொல்லணும்ல? 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டி. தாமஸுக்கு 53 வயசு. முன்னாள் உலக சாம்பியன் கேபபிளாங்காவைத் தோற்கடிச்சார். வருங்கால உலக சாம்பியன் போட்வின்னிக்கையும் தோற்கடிச்சார். முடிவுல ஆய்வே, ஃபுளோர் ரெண்டு பேரோட முதல் இடத்தைப் பகிர்ந்துக்கிட்டார். அந்த ஆய்வே 1935 முடியறதுக்குள்ள உலக சாம்பியன் ஆயிட்டார்.

இதுல நம்ம பக்கத்துக் கதை ஒண்ணும் இருக்கு. 1930, 1931 செஸ் ஒலிம்பியாட்ல பிரிட்டன் அணியில் தாமஸ் இருந்தார். முதல் பலகையில் உட்கார்ந்தது யார் தெரியுமா? பஞ்சாப்ல ஒரு பெரிய நிலக்கிழார் வீட்டுல வேலை பார்த்து, அவரோட லண்டன் போன மிர் சுல்தான் கான். பட்டம் பெற்ற பிரபு கீழ்ப் பலகையில, வேலைக்காரர் மேல் பலகையில. 1929, 1932, 1933-னு மூணு தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன சுல்தான் கான், எஜமான் ஊர் திரும்பினப்போ கூடவே திரும்பிட்டார். 1934-இல் அந்தப் பட்டம் திரும்ப தாமஸ் கைக்கு வந்துச்சு. சுல்தான் கான் இருந்திருந்தா வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஆட்டத்தைத் தொடர்றதுக்கு ஒருத்தருக்கு எல்லாம் இருந்துச்சு, இன்னொருத்தருக்கு எதுவுமே இல்ல.

அதே 1934-இல்தான் சர்வதேச பேட்மின்டன் கூட்டமைப்பு பிறக்குது. ஒன்பது சங்கம் சேர்ந்து ஆரம்பிச்சது: இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், கனடா, நியூசிலாந்து. ஆட்டம் பிறந்த ஆசியாவிலிருந்து ஒண்ணு கூட இல்லங்கிறதைக் கவனிங்க. இந்தியா கொஞ்ச நாள் கழிச்சுத்தான் உள்ள போச்சு. தாமஸ் முதல் தலைவர், 1955 வரைக்கும் அவர்தான். டென்னிஸ்ல டேவிஸ் கோப்பை இருக்கிற மாதிரி பேட்மின்டனுக்கும் நாடுகள் மோதற ஒரு போட்டி வேணும்னு நினைச்சார். 1939-இல் அதுக்கான கோப்பையைத் தானே கொடுத்தார். 28 அங்குல உயரம், வெள்ளியில் செஞ்சு தங்க முலாம் பூசினது. மூடி மேல ஒரு ஆட்டக்காரர் உருவம். இத்தனை டபுள்ஸ் ஜெயிச்சவர் கொடுத்த கோப்பையில் அந்த ஆட்டக்காரர் பார்ட்னர் இல்லாம தனியாத்தான் நிக்கிறார், அது வேற கதை.

கோப்பை ரெடி, உடனே இரண்டாம் உலகப்போர். இதுக்கு முந்தின போர் அவர் ஆட்டத்துல அஞ்சு வருஷத்தைத் தின்னுச்சு, இது அவர் கோப்பையைப் பல வருஷம் பூட்டி வச்சுச்சு. 1948-49-லதான் முதல் தாமஸ் கோப்பை நடந்துச்சு. பத்து நாடுகள். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்துல ஃபைனல், மலாயாவும் டென்மார்க்கும். அப்போ ஒரு மோதல்ல மொத்தம் ஒன்பது மேட்ச், அஞ்சு சிங்கிள்ஸ், நாலு டபுள்ஸ். மலாயா 8-1. கோப்பை கப்பலேறி ஆசியாவுக்குப் போச்சு. தாமஸ் 1972 ஜூலைல 91 வயசுல இறந்தார். அதுவரைக்கும் மலாயா, இந்தோனேசியா, மலேசியான்னு ஆசிய நாடுகள் கையை விட்டு அது வெளியே போகவே இல்ல. அவர் கல்யாணம் பண்ணிக்கல, குடும்பப் பட்டமும் அவரோட முடிஞ்சுபோச்சு.

டென்மார்க் எட்டு தடவை ஃபைனல்ல தோத்து, கடைசியா 2016-இல் சீனாவின் குன்ஷான்ல ஜெயிச்சுது. ஐரோப்பாவுக்கு முதல் தாமஸ் கோப்பை. அந்த டென்மார்க் அணியில் இருந்த டபுள்ஸ் ஆட்டக்காரர் மத்தியாஸ் போதான் பிறகு சாத்விக்-சிராக் ஜோடிக்குக் கோச் ஆனார். 2022 செமிஃபைனல்ல நாம 3-2ன்னு வெளியேத்தினதும் டென்மார்க்கைத்தான்.

இங்கிலாந்து? இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட அந்தக் கோப்பையை ஜெயிச்சதில்ல.